வரையறை தெரிந்த மாணவர் ஓட்டையோடு நிரல் எழுதுவது ஏன்?

வாசகர் கேள்வி: கல்லூரியில் கணினி அறிவியல் கற்பிக்கிறேன். எங்கள் பாடத்திட்டத்தில் கணினிப் பாதுகாப்பு என்பது கடைசி ஆண்டின் விருப்பப் பாடம். பஃபர் ஓவர்ஃப்ளோ (ஒதுக்கிய இடத்தைத் தாண்டி நினைவகத்தில் எழுதிவிடுவது) என்றால் என்ன, எஸ்க்யூஎல் இன்ஜெக்ஷன் (பயனர் தட்டிய சொல் தரவுத்தளக் கட்டளையாக இயங்கிவிடுவது) என்றால் என்ன என்று தேர்வில் கேட்டால் மாணவர்கள் பிசகில்லாமல் எழுதுகிறார்கள். அதே மாணவர்கள் செய்த இறுதியாண்டு புராஜெக்டைத் திறந்து பார்த்தேன். கடவுச்சொற்கள் அப்படியே அட்டவணையில் கிடக்கின்றன. பயனர் தட்டியதை வினவலோடு ஒட்டித் தரவுத்தளத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். பாதுகாப்பான நிரலாக்கத்தை எப்படிக் கற்பித்தால் அது கைக்கு வரும்? தாக்குதலைச் சொல்லிக்கொடுத்தால் யாராவது தவறாகப் பயன்படுத்திவிடுவார்களோ என்ற அச்சமும் இருக்கிறது. பாடத்திட்டத்தை மாற்றும் அதிகாரம் எனக்கு இல்லை. பாதுகாப்புத் துறையில் நான் வேலை பார்த்ததும் இல்லை. — ஒரு விரிவுரையாளர்

பதில்:

மதிப்பிற்குரிய விரிவுரையாளர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் கடிதத்தில் "அதே மாணவர்கள்" என்ற இடத்தில் நின்றுவிட்டேன். பிறர் எழுதிய நிரல்களைப் படித்துப் பாதுகாப்புக் குறைகளைக் கண்டுபிடிப்பது என் தொழில். ஒரு குறையைச் சுட்டிக்காட்டும்போது, எழுதியவருக்கு அது விளங்காமல் போவது அபூர்வம். பார்த்த நொடியிலேயே ஒப்புக்கொள்கிறார். அந்தத் தாக்குதலின் பெயர் அவருக்குத் தெரியும், தடுக்கும் வழியும் தெரியும். எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் அது நினைவில் எழவில்லை. ஆகவே, இன்னொரு பாடத்தைச் சேர்த்தால் உங்கள் மாணவர்கள் மாறிவிடுவார்கள் என்று நான் நினைக்கவில்லை. தெரிந்தது விரலுக்கு வராமல் எது தடுக்கிறது என்று பார்ப்போம்.

ஜெர்மனியின் பான் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. கணினி அறிவியல் மாணவர்கள் 20 பேரிடம், ஒரு வலைத்தளத்துக்கான பயனர் பதிவுப் பகுதியை எழுதச் சொன்னார்கள். பாதிப் பேரிடம் கடவுச்சொல்லைப் பாதுகாப்பாகச் சேமிக்க வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். மீதிப் பேரிடம் அந்த ஒரு வரியைச் சொல்லவில்லை. சொல்லப்படாதவர்களில் ஒருவர்கூடப் பாதுகாப்பாகச் சேமிக்கவில்லை. இதைச் சோம்பேறித்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். கொடுத்த வேலை எது, எதற்கு மதிப்பெண் என்று கணக்கிட்டு வேலை செய்யத்தான் பள்ளி நாளிலிருந்து அவர்களைப் பழக்கியிருக்கிறோம். நிரல் ஓடியதா, எதிர்பார்த்த வெளியீடு வந்ததா என்று மட்டுமே கேட்டிருக்கிறோம். கேட்டதைக் கொடுத்திருக்கிறார்கள்.

பாடத்திட்டம் உங்கள் கையில் இல்லை என்கிறீர்கள். ஆனால் இரண்டு பொருட்கள் முழுக்க உங்கள் கையில் இருக்கின்றன. கரும்பலகையில் நீங்கள் எழுதும் மாதிரி நிரல் ஒன்று. அசைன்மெண்டுக்கு நீங்கள் மதிப்பெண் போடும் முறை மற்றொன்று. நான் சொல்ல வருவதெல்லாம் இந்த இரண்டைச் சுற்றியே இருக்கும்.

முதலில் மாதிரி நிரல்கள். இந்த வாரம் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி, நீங்கள் பயன்படுத்தும் பாடக் குறிப்புகளையும் லேப் கையேட்டையும் தாக்குபவரின் கண்ணோடு புரட்டிப் பாருங்கள். முதலாண்டு சி மொழி வகுப்பில் "உன் பெயர் என்ன" என்று கேட்டுப் பெயரை வாங்கும் நிரல் இருக்கும். 20 எழுத்துக்கு இடம் ஒதுக்கி, தட்டியதைப் படிக்கும் ஸ்கேன்எஃப் என்ற செயற்கூறு வழியாக நீள வரம்பு எதுவும் இல்லாமல் பெயரைப் படித்திருப்பார்கள். பழைய கையேடாக இருந்தால், ஒரு வரியை முழுதாகப் படிக்கும் கெட்ஸ் என்ற செயற்கூறுகூட இன்னும் இருக்கலாம். தரவுத்தள வகுப்பில், பயனர் கொடுத்த சொல்லை மேற்கோள் குறிகளுக்கு நடுவே ஒட்டி வினவல் அமைத்திருப்பார்கள். வலை நிரலாக்க வகுப்பில், படிவத்தில் வந்த பெயரை அப்படியே "வணக்கம்" என்ற சொல்லை அடுத்து வலைப்பக்கத்தில் அச்சிட்டிருப்பார்கள். மூன்றாண்டுகள் இப்படி எழுதிப் பழகிய பிறகு, நான்காம் ஆண்டில் ஒருவர் வந்து "இவையெல்லாம் ஓட்டைகள்" என்கிறார். மாணவர் அதை ஒரு தேர்வுக் குறிப்பாக எழுதி வைத்துக்கொள்கிறார். பழக்கம் அதன் போக்கில் போகிறது.

கெட்ஸ் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் வகுப்பில் சொல்வதற்கு அதைவிடப் பொருத்தமான கதை எனக்குத் தெரியாது. 1988 நவம்பர் 2 அன்று மோரிஸ் புழு என்ற, கணினிக்குக் கணினி தானாகவே தொற்றும் நிரல் இணையத்தில் பரவியது. அது நுழைந்த வழிகளில் ஒன்று, ஃபிங்கர் என்ற சேவை நிரல் கெட்ஸ் கொண்டு உள்ளீட்டைப் படித்தது. அந்த நிரலில் உள்ளீட்டுக்கு ஒதுக்கியிருந்த இடம் 512 பைட். புழு அனுப்பியது 536 பைட். மிஞ்சிய 24 பைட்டுகள் நினைவகத்தில் பக்கத்து இடத்தில் போய் விழுந்து, செயற்கூறு முடிந்ததும் எங்கே திரும்ப வேண்டும் என்ற முகவரியையே மாற்றின. கெட்ஸுக்கு எத்தனை எழுத்து படிக்கலாம் என்று சொல்லவே வழியில்லை. அதைப் பாதுகாப்பாகப் பயன்படுத்த எந்த நிரலாளராலும் முடியாது. இது தெரிந்த பிறகும் சி மொழியின் தரநிலையிலிருந்து அது முழுமையாக நீக்கப்பட்டது 2011-இல்தான். இடையில் 23 ஆண்டுகள். அத்தனை ஆண்டுகள் அது பாடப்புத்தகங்களிலும் வகுப்பறைகளிலும் மாதிரியாக நின்றது. மாதிரி நிரலுக்கு எவ்வளவு நீண்ட ஆயுள் என்பதை இந்தக் கணக்கு சொல்கிறது.

"தொடக்கநிலை மாணவருக்கு எளிமையாகச் சொல்ல வேண்டும், பாதுகாப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று சக ஆசிரியர்கள் சொல்வார்கள். பல இடங்களில் இந்த வாதம் பொருந்தவே பொருந்தாது. வினவலில் மதிப்பு வர வேண்டிய இடத்தில் ஒரு கேள்விக்குறியை வைத்து, மதிப்பைத் தனியாகக் கொடுக்கும் முறையை எடுத்துக்கொள்ளுங்கள். மேற்கோள் குறிகளைத் திறந்து மூடி ஒட்டும் முறையைவிட அது குறைவான எழுத்து, குறைவான பிழை. அதையே முதல் நாளிலிருந்து காட்டினால், ஒட்டும் முறை என்று ஒன்று இருப்பதே மாணவருக்குத் தாக்குதல் பாடத்தில்தான் தெரியவரும். சி மொழியில் கெட்ஸுக்குப் பதிலாக எஃப்கெட்ஸ் பயன்படுத்தினால் அளவைச் சொல்லும் ஒரு மதிப்பு கூடுகிறது, அவ்வளவுதான். அந்த மதிப்பு எதற்கு என்று மாணவர் கேட்பார், அந்தக் கேள்வியே உங்கள் முதல் பாதுகாப்புப் பாடம். உண்மையிலேயே நீளமாகப் போகும் இடங்கள் சில உண்டு. அங்கே மாதிரி நிரலுக்குள்ளேயே ஒரு குறிப்பு எழுதுங்கள்: "இங்கே ஒரு சோதனை விடுபட்டிருக்கிறது, ஆறாவது வாரம் நிரப்புவோம்" என்று. ஆறாவது வாரம் மறக்காமல் நிரப்புங்கள்.

அடுத்தது மதிப்பெண். இதுவே என் பதிலின் நடுப்பகுதி, பொறுமையாகப் படியுங்கள்.

வயதை வாங்கி, வாக்களிக்கலாமா கூடாதா என்று சொல்லும் நிரலை எழுதச் சொல்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 10 மதிப்பெண். இப்போது 25 என்று கொடுத்துப் பார்த்து, 12 என்று கொடுத்துப் பார்த்து, சரியாக வந்தால் பத்தையும் போட்டுவிடுகிறோம். இனி 6 மதிப்பெண்ணை அதற்கு வையுங்கள். மிச்ச 4 மதிப்பெண்ணுக்கு உங்களிடம் ஒரு சிறிய கோப்பு இருக்கட்டும். அதில் வெற்று வரி, கழித்தல் ஐந்து, எழுத்தில் எழுதிய வயது, 2147483648 என்ற எண், ஆயிரம் எழுத்து நீளமான ஒரு வரி. நிரல் இவற்றுக்கு முன்னால் உடைந்து விழக் கூடாது, பொய்யான விடையும் சொல்லக் கூடாது. "இது வயதாகத் தெரியவில்லை" என்று மறுத்துவிட்டால் முழு மதிப்பெண். முதல் அசைன்மெண்டில் பெரும்பாலோர் அந்த 4 மதிப்பெண்ணை இழப்பார்கள். இரண்டாவதில் விழித்துக்கொள்வார்கள். மூன்றாவதில், நீங்கள் என்னவெல்லாம் கொடுப்பீர்கள் என்று முன்கூட்டியே யோசித்துக்கொண்டு வருவார்கள். நமக்கு வேண்டியது அந்த யோசனைதான். தன் நிரலைத் தானே எதிராளியின் பக்கத்திலிருந்து பார்க்கத் தொடங்கிவிட்டார் என்று பொருள்.

2147483648 என்ற எண்ணைத் தனியாக விளக்குங்கள். வழக்கமான 32 பிட் முழு எண்ணில் கொள்ளும் மிகப்பெரிய மதிப்பைவிட அது ஒன்று கூடுதல். இந்த எல்லையில் இடறியவர்கள் மாணவர்கள் மட்டுமல்லர். ஜாவா மொழியின் அடிப்படை நூலகத்திலிருந்த இருபாதித் தேடல் (வரிசைப்படுத்திய பட்டியலைப் பாதி பாதியாகக் குறைத்துத் தேடும் முறை) நிரலில், தேடும் பகுதியின் இரண்டு முனை எண்களையும் கூட்டி இரண்டால் வகுக்கும் வரியில் இதே தவறு இருந்தது 2006-இல் வெளியே தெரிந்தது. நாம் எல்லோரும் கரும்பலகையில் எழுதும் அதே வரி அது. பட்டியல் போதுமான அளவு பெரிதாகும்போது கூட்டுத்தொகை எல்லை தாண்டிக் குறை எண்ணாகிவிடும். முனைகளைக் கூட்டாமல், வித்தியாசத்தில் பாதியை எடுத்துக் கீழ்முனையோடு சேர்த்தால் தீர்ந்துவிடுகிறது. இருபாதித் தேடல் நடத்தும் நாளில் இதைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும்.

ஒரே ஓர் எச்சரிக்கை. எல்லா விதிகளையும் ஒரே நாளில் கொண்டுவந்து எல்லாவற்றுக்கும் மதிப்பெண் குறைக்காதீர்கள். மாணவர்கள் சோர்ந்துபோவார்கள், பாதுகாப்பு என்றாலே தண்டனை என்று மனத்தில் பதிந்துவிடும். மூன்று வாரத்துக்கு ஒரு விதி போதும். ஒரு முறை அறிவித்த விதி அதன் பிறகு எல்லா அசைன்மெண்டுக்கும் பொருந்தும் என்று மட்டும் உறுதியாக இருங்கள்.

கெட்ட உள்ளீடுகளை எல்லாம் நீங்களே உட்கார்ந்து தயாரிக்க வேண்டியதில்லை. ஃபஸ்ஸிங் என்று இன்று தொழிலில் நாங்கள் சொல்லும் சோதனை முறை எங்கே பிறந்தது என்பதை உங்கள் மாணவர்களுக்குச் சொல்லுங்கள். மோரிஸ் புழு பரவிய அதே 1988-இல், விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர் பார்ட்டன் மில்லர் ஒரு புயல் இரவில் வீட்டிலிருந்து தொலைபேசி இணைப்பில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். இணைப்பில் இரைச்சல் புகுந்து, தட்டாத எழுத்துகள் எல்லாம் நிரல்களுக்குப் போயின. நன்றாக ஓடிக்கொண்டிருந்த நிரல்கள் உடைந்தன. அவர் அதைத் தன் வகுப்பு மாணவர்களுக்குப் புராஜெக்டாகக் கொடுத்தார்: தாறுமாறான எழுத்துகளை உருவாக்கும் நிரலை எழுதுங்கள், அதை யூனிக்ஸ் கருவிகளுக்கு ஊட்டிப் பாருங்கள். 1990-இல் முடிவு வெளியானது. சோதித்த கருவிகளில் ஏறக்குறைய கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை உடைந்தன அல்லது உறைந்து நின்றன. மாணவர்களின் வகுப்பு வேலையிலிருந்து ஒரு துறையே கிளைத்தது. தாறுமாறான எழுத்துகளை உருவாக்கும் நிரல் இரண்டாமாண்டு மாணவருக்கு முப்பது வரி வேலை. ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவரின் சோதனை நிரல் உடைக்கட்டும். உடைத்தவருக்கு ஒரு மதிப்பெண், திருத்தியவருக்கு இரண்டு.

இனி என்ன சொல்லிக்கொடுப்பது என்பதற்கு வருகிறேன். பாதுகாப்புப் பாடம் என்றவுடன் பலர், வலைப் பயன்பாடுகளின் பாதுகாப்புக்காக இயங்கும் ஓவாஸ்ப் அமைப்பு வெளியிடும் முதல் பத்து ஆபத்துகளின் பட்டியலை எடுத்து ஒன்று, இரண்டு என்று நடத்துகிறார்கள். அந்தப் பட்டியல் தொழிலில் இருப்பவர்களுக்குப் பயனுள்ளது. மாணவருக்கு அது மனப்பாடத்துக்கான பத்துப் பெயர்களாகிவிடுகிறது. உங்கள் தேர்வில் வரையறை பிசகில்லாமல் வருவதன் காரணமும் அதுதான். பட்டியலுக்குப் பதில் ஒரு கேள்வியைப் பழக்குங்கள். நிரலில் எந்த மாறியைப் பார்த்தாலும்: இந்த மதிப்பு யாரிடமிருந்து வருகிறது, அவர் பொய் சொன்னால் என்ன ஆகும்?

இந்தக் கேள்விக்கு ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்புக் குறை போல் வகுப்புக்கு ஏற்ற எடுத்துக்காட்டு வேறில்லை. இணையத் தொடர்பை மறையாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற நூலகத்தில் 2012 மார்ச் முதல் 2014 ஏப்ரல் வரை இருந்த குறை. இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, ஒரு முனை மற்றதற்கு ஒரு சிறிய செய்தி அனுப்பும். மறுமுனை அதையே திருப்பி அனுப்ப வேண்டும். செய்தியோடு அதன் நீளத்தையும் அனுப்புபவரே சொல்வார். வாங்கியவர் அந்த நீளத்தை அப்படியே நம்பி, அத்தனை பைட்டுகளைத் தன் நினைவகத்திலிருந்து எடுத்துத் திருப்பி அனுப்பினார். ஒரு பைட் அனுப்பிவிட்டு, அறுபத்து நான்காயிரம் பைட் அனுப்பினேன் என்று பொய் சொன்னால்? மிச்சத்தை நிரப்ப, சர்வரின் நினைவகத்தில் பக்கத்தில் கிடந்ததெல்லாம், மற்றவர்களின் கடவுச்சொற்கள் உட்பட, போய்ச் சேர்ந்தது. இதை வகுப்பில் நடித்தே காட்டலாம். ஒரு மாணவர் கையில் ஒரு தாளைக் கொடுங்கள். முதல் வரியில் "வணக்கம்" என்று இருக்கட்டும், அதன் கீழே சில ரகசியங்களை எழுதி வையுங்கள். இன்னொருவர் எழுந்து, "வணக்கம் என்று சொன்னேன், அது நாற்பது எழுத்து, திருப்பிச் சொல்" என்பார். தாளை வைத்திருப்பவர் எண்ணி நாற்பது எழுத்துகளைப் படிக்கட்டும். ரகசியம் வகுப்பறையில் ஒலிக்கும்போது விளக்கம் தேவைப்படாது. திருத்தம் என்ன என்று கேளுங்கள். சொன்ன நீளத்தையும் வந்த நீளத்தையும் ஒப்பிட வேண்டும் என்று கடைசி வரிசையிலிருந்தே பதில் வரும். உண்மையான திருத்தமும் அதுதான்.

இதே கேள்வியின் இன்னொரு முகம், தரவும் கட்டளையும் கலந்துவிடுவது. எஸ்க்யூஎல் இன்ஜெக்ஷன், பக்கத்துக்குள் பிறர் ஸ்கிரிப்டை நுழைப்பது, இயங்குதளக் கட்டளைக்குள் கூடுதல் கட்டளையைச் செருகுவது எல்லாம் ஒரே நோய்: வெறும் சொல்லாக இருக்க வேண்டியதை மறுமுனை கட்டளையாகப் படித்துவிடுகிறது. இதை ஒரே காரணமாகச் சொல்லுங்கள். நாளைக்குப் புதிதாக ஒரு வகை வந்தாலும் மாணவர் அடையாளம் கண்டுகொள்வார். இங்கே ஒரு தவறான பாடத்தை அடிக்கடி காண்கிறேன்: "ஒற்றை மேற்கோள் குறி வந்தால் நீக்கிவிடு" என்று சொல்லிக்கொடுப்பது. பெயரிலேயே அந்தக் குறி உள்ளவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பெயரைச் சிதைப்பதற்கு நமக்கு உரிமை இல்லை. நீக்கும் பட்டியலில் ஒன்று விட்டுப்போனால் தாக்குபவருக்கு அதுவே போதும். தரவைத் தரவாகவே அனுப்பும் வழியைக் காட்டுங்கள், எந்த எழுத்தையும் அஞ்ச வேண்டியதில்லை.

கெட்ட உள்ளீடு எதுவுமே இல்லாமல் நடக்கும் தாக்குதலும் உண்டு. மேலே சொன்ன பட்டியலின் 2021 பதிப்பில் இன்ஜெக்ஷனை மூன்றாம் இடத்துக்குத் தள்ளிவிட்டு முதலிடத்துக்கு வந்தது அணுகல் கட்டுப்பாட்டுக் குறை. உங்கள் மாணவர்கள் நிச்சயம் ஒரு மாணவர் மதிப்பெண் மேலாண்மைப் புராஜெக்ட் செய்திருப்பார்கள். உள்ளே நுழைந்து, முகவரிப் பட்டையிலுள்ள பதிவு எண்ணில் கடைசி இலக்கத்தை மாற்றுங்கள். அடுத்த மாணவரின் மதிப்பெண் பட்டியல் திறந்தால், அதுதான். எண் முறையானது, நீளம் சரியானது, எந்தக் கருவியும் இதைக் கொடியிட்டுக் காட்டாது. கேட்பவர் யார் என்று சர்வர் பார்த்தது. இதைக் கேட்க அவருக்கு உரிமை உண்டா என்று பார்க்கவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த தொடக்கத்தில் எழுதிய ஒரு நிரலில் இதே குறை இருந்தது. மூத்தவர் ஒருவர் என் பக்கத்தில் அமர்ந்து, ஓர் இலக்கத்தை மாற்றி, வேறொருவரின் ஆவணத்தைத் திறந்து காட்டினார். பேசவே இல்லை. அன்றிலிருந்து இரண்டு கணக்குகள் இல்லாமல் நான் எதையும் சோதித்ததில்லை. புராஜெக்டை மதிப்பிடும்போது ஒவ்வொரு குழுவிடமும் இரண்டு பயனர் கணக்குகளைக் கேளுங்கள். ஒருவர் கணக்கிலிருந்து மற்றவர் பொருளைத் தொட முடிகிறதா என்று அவர்களையே காட்டச் சொல்லுங்கள்.

கடவுச்சொல் விஷயத்தில் நீளமாகச் சொல்ல ஏதுமில்லை. மாணவர் தானாக ஒரு மறையாக்க முறையைக் கண்டுபிடிக்கக் கூடாது, எம்டி5 என்ற பழைய, வேகமான முறை போதும் என்றும் நினைக்கக் கூடாது. 1999-இல் வந்த பிகிரிப்ட், 2015-இல் கடவுச்சொல் ஹாஷிங் போட்டியில் வென்ற ஆர்கான்2 போன்றவை கடவுச்சொல்லை உருமாற்றிச் சேமிக்கும் முறைகள், வேண்டுமென்றே மெதுவாக இயங்கும்படி அமைக்கப்பட்டவை. நுழையும் பயனருக்கு அந்தத் தாமதம் தெரியாது. கோடிக்கணக்கில் ஊகித்துப் பார்ப்பவரை அது முடக்கிவிடும். நூலகத்தை அழைக்கும் இரண்டு வரியைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

கருவிகளைப் பற்றியும் கேட்க நினைத்திருப்பீர்கள். கம்பைலரின் எச்சரிக்கைகள் அனைத்தையும் முதல் நாளிலேயே இயக்கிவையுங்கள். ஜிசிசி, கிளாங் என்ற சி மொழிக் கம்பைலர்கள் இரண்டிலும் அட்ரஸ் சானிடைசர் என்ற வசதி கூடவே வருகிறது. நினைவக எல்லை மீறிய இடத்தை வரி எண்ணோடு சொல்லிவிடும். காசு செலவில்லை. ஆனால் கருவி சொன்னதை மௌனமாக்குவதே இலக்காகிவிடக் கூடாது. டெபியன் இயங்குதளத்தில் 2006-இல் நடந்ததைச் சொல்லுங்கள். நினைவகச் சோதனைக் கருவி எச்சரித்தது என்பதற்காக ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தின் சில வரிகளை நீக்கினார்கள். நீக்கியவற்றில் ஒன்று, மறையாக்கச் சாவிகளை உருவாக்கத் தேவையான தற்செயல் தன்மையைச் சேர்க்கும் வரி. எச்சரிக்கை நின்றது. 2008 மே மாதம் கண்டுபிடிக்கப்படும் வரை, அந்தக் கணினிகள் உருவாக்கிய சாவிகள், ஒவ்வொரு வகைக்கும் நீளத்துக்கும் 32,768 சாத்தியங்களுக்குள் அடங்கிவிட்டன. ஏறக்குறைய இருபது மாதங்கள். எச்சரிக்கையைத் திருத்திய மாணவரிடம், "ஏன் எச்சரித்தது?" என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள். அந்த வரிக்கும் மதிப்பெண் கொடுங்கள்.

இப்போது நிரலை எழுதித் தரும் கருவிகள் மாணவர்களிடம் வந்துவிட்டன. தானே எழுதாத நிரலுக்குத் தான் பொறுப்பேற்க வேண்டிய நிலையில் அவர்கள் வேலைக்குப் போகிறார்கள். எனவே வாரத்தில் அரை மணி நேரம் நிரலைப் படிப்பதற்கென்றே ஒதுக்குங்கள் என்று வற்புறுத்திக் கேட்கிறேன். 2014 பிப்ரவரியில் ஆப்பிள் திருத்திய குறை ஒன்று அதற்கு நல்ல தொடக்கம். பாதுகாப்பான இணைப்பில் மறுமுனையின் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்க்கும் பகுதியில் "தோல்விக்குத் தாவு" என்ற வரி அடுத்தடுத்து இரண்டு முறை வந்துவிட்டது. அடைப்புக்குறி இல்லாததால் முதல் வரி மட்டுமே நிபந்தனைக்குள் இருந்தது. இரண்டாவது எப்போதும் இயங்கியது. முக்கியமான சரிபார்ப்பு நடக்காமலே "எல்லாம் சரி" என்ற விடையோடு செயற்கூறு முடிந்தது. அந்தப் பத்து வரியை அச்சிட்டு இருவர் இருவராகக் கொடுங்கள். கண்டுபிடிக்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று மாணவர்கள் தாங்களே பார்க்கட்டும்.

உங்கள் அச்சத்துக்கு வருகிறேன். தாக்குதலைக் கற்பித்தால் கெட்டுப்போவார்களா? தெரிந்துகொள்ள விரும்பும் மாணவர் நீங்கள் சொல்லாமலே எங்கோ தெரிந்துகொண்டிருப்பார். அங்கே கிடைக்காதது இரண்டு: எப்படித் திருத்துவது என்பதும், எதைத் தொடக் கூடாது என்பதும். இரண்டையும் உங்களால் கொடுக்க முடியும். குறையுள்ள ஒரு நிரலைக் கொடுத்து, அதை உடைத்துக் காட்டச் சொல்லுங்கள். பிறகு திருத்தச் சொல்லுங்கள். திருத்திய பின் பழைய தாக்குதல் வேலை செய்யவில்லை, பழைய பயன்பாடு மட்டும் கெடாமல் இருக்கிறது என்று நிறுவச் சொல்லுங்கள். உடைத்ததற்கு இரண்டு மதிப்பெண் என்றால் திருத்தத்துக்கு எட்டு. எதற்கு மதிப்பு அதிகம் என்பதை மதிப்பெண்ணே சொல்லிவிடும். பயிற்சிக்கென்றே குறைகளோடு எழுதப்பட்ட வெப்கோட், ஜூஸ் ஷாப் போன்றவை இலவசமாகக் கிடைக்கின்றன. லேப் கணினியில் வெளி இணைப்பைத் துண்டித்த மெய்நிகர் இயந்திரத்தில் அவற்றை நிறுவுங்கள். எழுத்துவழி அனுமதி இல்லாமல் பிறர் கணினியைச் சோதிப்பது, நல்ல நோக்கத்தோடு செய்தாலும், சட்டப்படி குற்றமாகலாம் என்பதை முதல் வகுப்பிலேயே சொல்லி, படித்துக் கையொப்பமிட ஒரு பக்கத் தாளைக் கொடுங்கள். கல்லூரி வலைத்தளத்தில் யாராவது தற்செயலாக ஒரு குறையைக் கண்டால் யாரிடம் சொல்ல வேண்டும் என்பதும் அந்தத் தாளில் இருக்கட்டும். நேர்மையாக வந்து சொல்பவரை மிரட்டாமல் கேட்டுக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளாக நீங்களே இருந்தால் இன்னும் நல்லது.

பாதுகாப்புத் துறையில் வேலை பார்த்ததில்லை என்று எழுதியிருந்தீர்கள். நான் சொன்ன எதற்கும் அந்த அனுபவம் தேவையில்லை. வயதுக்குக் கழித்தல் ஐந்தைக் கொடுத்துப் பார்க்க நிபுணர் வேண்டாம். மாணவர் ஒரு கேள்வி கேட்டு உங்களுக்கு விடை தெரியாவிட்டால், "தெரியவில்லை, ஓட்டிப் பார்ப்போம்" என்று அவர்கள் கண்முன்னாலேயே ஓட்டிப் பாருங்கள். இந்தத் தொழிலில் நாங்கள் நாள் முழுதும் செய்வதும் அதுதான். உங்களுக்காக ஏதாவது படிக்க வேண்டும் என்றால், சால்ட்சர், ஷ்ரோடர் இருவரும் 1975-இல் தகவல் பாதுகாப்பு பற்றி எழுதிய கட்டுரையின் முதல் பகுதியைப் படியுங்கள். தேவைக்கு மேல் அதிகாரம் கொடுக்காதே, வெளிப்படையாக அனுமதிக்காததை மறுத்துவிடு என்பது போன்ற எட்டுக் கோட்பாடுகள் அதில் இருக்கின்றன. எந்த மொழிக்கும் எந்தக் காலத்துக்கும் பொருந்துபவை. புதிதாக வரும் கருவிகளைத் துரத்திக்கொண்டிருக்க வேண்டாம்.

ஒரே பருவத்தில் எல்லாவற்றையும் செய்ய முடியாது என்று எனக்குத் தெரியும். ஒன்று மட்டும் செய்ய நேரம் இருந்தால், அடுத்த அசைன்மெண்டின் மதிப்பெண் பிரிப்பை மாற்றுங்கள். இரண்டு செய்ய நேரம் இருந்தால், தரவுத்தளப் பாடம் நடத்தும் சக ஆசிரியரோடு ஒரு தேநீர் நேரம் உட்கார்ந்து, அவருடைய லேப் கையேட்டில் ஒட்டிய வினவல்களை இருவருமாகத் திருத்துங்கள். அவர் ஒப்புக்கொள்ளத் தயங்கினால், அவருடைய சொந்த மாதிரி நிரலில் ஒற்றை மேற்கோள் குறி உள்ள ஒரு பெயரைத் தட்டிக் காட்டுங்கள். தாக்குதல் என்ற சொல்லே வேண்டாம், நிரல் பிழை காட்டி நிற்பதைப் பார்த்தாலே போதும். கெட்ட உள்ளீடுகளின் கோப்பைத் தயாரித்ததும், விருப்பமிருந்தால் எனக்கு அனுப்பிவையுங்கள். படித்துப் பார்த்து, விட்டுப்போனவற்றைச் சேர்த்துத் திருப்பி அனுப்புகிறேன்.